ஓமான் மழையும் அப்பாவின் சீமெந்தும்

போன மாதம் என் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஈஸ்ட் ஹாம் மண்டபத்துக்கு வந்து, மட்டன் ரோல்ஸை மூன்று மூன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கைதட்டினீர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அப்பா மைக்கைப் பிடித்துச் சொன்ன அந்த வெள்ளக் கதை பொய்.

"நானும் என்ர பெடியனும் அலவாங்கை எடுத்துச் சீமெந்தை உடைச்சிராட்டி, அண்டைக்கு வீடே போயிருக்கும்" என்றார். நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்து கோமாளி மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டேன். அதற்கும் கைதட்டினீர்கள். மூன்றாவது மேசையில் ஊதாச் சேலை கட்டிய ஒரு அம்மா தலை குனிந்து கேக்கைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, தூக்கியது அவர்தான்.

எனக்கு எழுத வராது. பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் அன்று சந்தோஷம். நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். கோபத்தில் சொன்ன இரண்டு வார்த்தைகளை இப்போதே வெட்டிவிட்டாள். உங்கள் வீட்டில் கழிவுநீர்க் கான் அடைத்து, குசினிக்குள் நாற்றம் ஏறினால் கூப்பிடுவீர்களே, கம்பியோடும் குழாயோடும் வந்து குத்தி எடுக்கிறவன், அவன்தான் நான். தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தவிர எனக்கு உலகத்தில் ஒன்றும் தெரியாது. அதையும் அந்த ஒரு கோடையில்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய நேரம். எனக்குப் பத்து வயது. அந்தக் கோடை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பூங்காப் புல் எல்லாம் கோதுமை நிறமாகிவிட்டது. தோட்டத்துக்குக் குழாயால் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று தடை. லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பெட்டிக்குள் ஆட்கள் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு மீன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு போனார்கள். எங்கள் தெருவில் நிலம் வெடித்து, என் சுண்டுவிரல் உள்ளே போகுமளவுக்குக் கோடு விழுந்திருந்தது. போனது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். விட்டுப் பார்த்து, மாட்டிக்கொண்டு, அழுது, அம்மா சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி எடுத்தார்.

சின்னம்மா அந்த வருடம் தை மாதம்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அதற்கு முன் நாலு வருடம் ஓமானில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். மலைக்கு அந்தப் பக்கம், பாலைவனத்து ஓரத்தில் ஒரு சின்ன ஊர். இதை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தார்கள்: பிள்ளை கொழும்பில் டைப்பிங் படித்தது.

"நாலு வருசமா டைப்பிங் படிச்சவவோ? அப்ப விரல் எல்லாம் தேய்ஞ்சு போயிருக்குமே" என்று நான் கேட்டேன். அப்பா என் பிடரியில் ஒன்று போட்டார். அந்தக் கோடையில் நான் வாங்கிய அடிகளில் அது பதினோராவது இருக்கும். எண்ணுவதில் எனக்கு ஒரு பெருமை.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும், இரண்டு வயதுத் தங்கச்சியும், சின்னம்மாவும்தான். அப்போது சின்னம்மா தன் சூட்கேசிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுப்பார். அதற்குள் சிவப்புச் சேற்றுத் துண்டுகள் இருந்தன. ஓமானில் வெள்ளம் வடிந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம் பொரித்த மாதிரி ஓரம் சுருண்ட துண்டுகள். ஒன்றைச் சாசரில் வைத்துக் கரண்டியால் மூன்று சொட்டுத் தண்ணீர் விடுவார். உஸ் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு மணம் எழும்பும். ஈஸ்ட் ஹாமில் அப்படி ஒரு மணம் கிடையாது. நான் சாசருக்குள்ளேயே மூக்கை விட்டுவிடுவேன். மூக்கு நுனியில் சிவப்புச் சேறோடு அம்மாவிடம் அகப்பட்டு, "கெச்சப்" என்று பொய் சொன்னேன்.

"அங்கை ஆடி மாசம் கடலிலை இருந்து ஒரு காத்து வரும்" என்பார் சின்னம்மா. "இந்தியாவுக்கு மழை குடுக்கிற காத்தின்ரை வால். அது மலையிலை முட்டினால் பின்னேரம் மேகம் ஏறும். முதல்லை மழை வராது மோனை. முதல்லை மண் வரும். வானம் தேத்தண்ணி நிறமா மாறும். ஒரு மண் சுவர் எழும்பி நடந்து வரும். நாங்கள் ஓடி ஓடி யன்னல் பூட்டுவம். பிறகு டக்கெண்டு எல்லாம் நிண்டுபோம். அந்த நேரம் ஒரு குளிர்க் காத்து கணுக்காலிலை படும் பார், அப்ப தெரியும், வருது எண்டு."

"பிறகு?"

"பிறகென்ன, ஊரே றோட்டிலை. செருப்பில்லாமல். அந்த வீட்டு எசமாட்டி எனக்கு ஒரு நாளும் கதிரை தந்தவ இல்லை. நிண்டுதான் சாப்பிட்டனான். ஆனா முதல் மழை அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினவ. ரெண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு, தலைமுடி எல்லாம் நனைய, விசரியள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிண்டம். மழை விட்டோடனை திரும்ப எசமாட்டி. ‘போய்த் தரையைத் துடை’ எண்டவ."

எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

மற்ற மழையையும் சொன்னார். இரண்டாவது வருடம் வந்தது. காய்ந்து கிடந்த ஆற்றில் ஒரே மத்தியானத்தில் வெள்ளம் பெருகி வந்துவிட்டது. "காய்ஞ்ச நிலம் தண்ணி குடிக்காது மோனை. அது சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். விழுற தண்ணி எல்லாம் ஓடும். ஆரிண்டை வீடு பள்ளத்திலை இருக்கோ அங்கை ஓடும்." அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். அதற்கு முதல் மெயின் சுவிட்சை நிறுத்தியிருக்கிறார். ஒன்றரை நாள் மாடியில், பேரீச்சம்பழமும் மழைத் தண்ணீருமாக. கீழே எசமானின் கார் பொம்மை மாதிரி மிதந்து போனதாம். இப்படி எல்லாம் தெரிந்த ஒரு மனுசியைத்தான் எங்கள் வீட்டில் டைப்பிஸ்ட் ஆக்கி வைத்திருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹரோவில் எஞ்சினியர், சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கத் தாயும் மகனும் வருவதாக ஏற்பாடு. சின்னம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மாப்பிள்ளையின் படத்தைக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. நான் அதைப் பார்த்தேன். படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். அவருக்கு அந்தக் கலியாணம் வேண்டும். நின்று சாப்பிட்ட மனுசிக்குத் தன் குசினியில் தன் கதிரையில் உட்கார வேண்டும். அது பெரிய ஆசையா?

அப்பா ஆயத்தம் செய்யத் தொடங்கினார். முதல் வேலையாகப் பால்மா டின்னைத் தேடி எடுத்து, உள்ளே இருந்ததைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். "அரபு நாட்டுக் குப்பை ஒண்டும் இந்த வீட்டிலை கிடக்கப்படாது. அவையள் கண்டால் கேப்பினம்." இரண்டாவது வேலை, பின் வளவு. புல் வெட்டுகிற தொல்லை வேண்டாம் என்று போன வருடமே அதை முழுக்கச் சீமெந்து பூசிவிட்டார். நடுவில் மழைத் தண்ணீர் இறங்குகிற கான் வாய் மட்டும் கம்பி மூடியோடு மிச்சம் இருந்தது. வெயிலுக்கு அதிலிருந்து நாற்றம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு மணக்கக் கூடாது என்று அதையும் மூடி, மேலே சீமெந்து போட முடிவு செய்தார். சீமெந்து அள்ளுவதற்கு அவர் எடுத்தது அந்தப் பால்மா டின். நான் பலகை பிடித்தேன். காய முன் என் கையை அதில் பதித்தேன். அப்பா பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவது அடி.

சின்னம்மா வாசலில் நின்றார். டின்னைப் பார்த்தார். "அத்தான், காய முன் அந்த வாயைத் திறந்து விடுங்கோ. நிலம் இறுகிப்போய்க் கிடக்கு. இந்த வெக்கை உடைஞ்சு மழை வந்தால் தண்ணி போக வழியில்லை. பின் ஒழுங்கைத் தண்ணி முழுக்க எங்கடை பக்கம்தான் சரிவு."

"பிள்ளை, இது லண்டன். இஞ்சை பெய்யிறது மழையே? ஆட்டுக்குட்டி பெய்யிற மாதிரி. உன்ரை பாலைவனக் கதையை விடு. ஞாயிற்றுக்கிழமை வாய் தவறி ஒரு சொல்லு வந்துதோ, பிறகு உனக்குக் கலியாணமே இல்லை."

அன்று சாப்பிடும்போது சின்னம்மா திரும்பவும் சொன்னார், இந்த முறை அம்மாவிடம். இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். துவாயைத் தலையில் போட்டு, மேலே ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு, கதிரை மேல் ஏறி, அவருடைய குரலிலேயே கத்தினேன்: "அத்தான்! தண்ணி வருது! ஒட்டகத்தைப் பிடியுங்கோ!" அப்பா சோறு புரையேறச் சிரித்தார். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சின்னம்மாவும் சிரித்தார், ஆனால் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கானைப் பற்றி அவர் பேசவில்லை. பேசினால் எல்லோருக்கும் ஒட்டகம்தான் ஞாபகம் வரும். அப்பாவுடைய வாயை விட என் வாய்தான் அந்தக் கானை இறுக்கமாக மூடியது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல நகைச்சுவை அது, நாசமாய்ப் போக.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பச்சைப் பட்டுச் சேலை. சோபாவில் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருந்ததால் அவர் அசைந்தபோதெல்லாம் ஒரு சத்தம் வந்தது. நான் சிரிக்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். தங்கச்சி பின் அறையில் நிலத்து மெத்தையில் தூங்கினாள். அந்த அறைக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டும்.

"பிள்ளை கொழும்பிலை எந்தப் பக்கம் படிச்சது?" என்றார் தாய்.

"வெள்ளவத்தைப் பக்கம்" என்றார் அம்மா, கேள்வி முடிய முன்னரே.

சின்னம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். பாதி வழியில் நின்றார். யன்னலுக்கு வெளியே வானம் தேத்தண்ணி நிறம். தெருவில் பேப்பர்த் துண்டுகள் சுழன்றன. பிறகு எல்லாம் நின்றது. கதவின் கீழ் இடுக்கால் ஒரு குளிர்க் காற்று என் கணுக்காலில் பட்டது. நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

"மழை வரப்போகுது" என்றார் சின்னம்மா.

"வரட்டும் பிள்ளை, நல்ல சகுனம்" என்றார் தாய். அப்பா பெரிதாகச் சிரித்தார்.

வந்தது. கூரையில் யாரோ கல் கொட்டுகிற மாதிரி. முன் தெருவில் எதிர் வீடு மறைந்துவிட்டது. பத்து நிமிடம் அப்பா சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஹரோவில் வீட்டு விலை பற்றிப் பேசினார். அப்போது குசினிப் பக்கம் ஏதோ உடைந்தது. பின் கதவு. பின் சந்தில் ஓடிய ஒழுங்கைத் தண்ணீர் முழுக்க எங்கள் சீமெந்து வளவுக்குள் நிறைந்து, போக வழியில்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மண்ணிறத் தண்ணீர், அதில் யாரோ ஒருவருடைய செருப்பு.

தட்டு கீழே விழுந்தது. நான் பார்த்தபோது சின்னம்மா பின் அறைப் படிகளில் இறங்கிவிட்டார். தண்ணீர் அவர் முழங்காலில். மெத்தை மிதந்துகொண்டிருந்தது, மெத்தையில் தங்கச்சி எழும்பி உட்கார்ந்து, என்னவென்று தெரியாமல் கை தட்டிக்கொண்டிருந்தாள். அவளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சை எட்டி நிறுத்தினார். வீடு இருண்டது. அப்பா கையில் ஒரு பிஸ்கட்டோடு அப்படியே நின்றார்.

"எல்லாரும் மேலை! யல்லா! யல்லா, யல்லா!"

அந்த அரபுச் சொல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு கையில் பிள்ளை, மறு கையால் பச்சைப் பட்டுச் சேலையின் முழங்கையைப் பிடித்து மாடிப்படியில் ஏற்றினார். எஞ்சினியரை முதுகில் கை வைத்துத் தள்ளினார். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு திரும்பி இறங்கி, படிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்த அலவாங்கை, அப்பா வளவு கிண்டின அந்த நீளமான இரும்புக் கம்பியை, எடுத்தார்.

"என்ன செய்யிறாய்? உடைக்காதை! முந்தநாள்தானே போட்டது!" என்று அப்பா படியிலிருந்து கத்தினார். அவருடைய பிள்ளை மெத்தையில் மிதந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. சீமெந்தைப் பற்றிக் கத்தினார்.

சின்னம்மா கூறைச்சேலை மாதிரி ஒரு சிவப்புச் சேலை கட்டியிருந்தார், அம்மாவுடையது. அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து, காலால் தடவி இடம் பிடித்து, அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கிக் குத்தினார். ஆறு குத்து. ஏழாவதில் சீமெந்து உடைந்தது. கொளக் என்று ஒரு சத்தம், பிறகு பெரிதாக ஒரு உறிஞ்சல், தண்ணீர் சுழி போட்டு இறங்கத் தொடங்கியது. என் கைத்தடம் பதிந்த துண்டு எங்கோ போயிற்று. இன்றைக்கும் ஒரு கான் திறந்து அந்தச் சத்தம் வரும்போது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று திறக்கிறது.

அலவாங்கை ஒரு பக்கம் போட்டார். முகத்தை மேலே தூக்கினார். வாயைத் திறந்தார். மழை அவருடைய பல்லில் அடிப்பது எனக்குத் தெரிந்தது. சிரித்தார், சத்தமாக, அந்த ஏழு மாதத்தில் நான் ஒரு நாளும் கேட்காத சிரிப்பு. அவருக்குப் பின்னாலேயே படியிறங்கிக் கதவடியில் வந்து நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"டேய் மோனை! வாடா, நனைவம்!"

பின்னால் இறங்கி வந்த அப்பாவின் கை என் பிடரியில் வந்து விழுந்தது. "போனியெண்டால் காலை முறிப்பன்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னம்மாவின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தது. பிறகு இறங்கியது.

சின்னம்மா உள்ளே வந்தபோது மாப்பிள்ளையின் தாய் ஆறாவது படியில் உட்கார்ந்திருந்தார். "உந்த வேலையெல்லாம் பிள்ளை எங்கை பழகினது?" என்று கேட்டார்.

"கொழும்பிலை, டைப்பிங்..." என்று அம்மா தொடங்கினார். டைப்பிங் படித்தவள் அலவாங்கு பிடிக்கிற கொழும்பு எங்கே இருக்கிறது?

"டைப்பிங் இல்லை மாமி" என்றார் சின்னம்மா. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஓமானிலை நாலு வருசம் வீட்டு வேலை. கூட்டினன், கழுவினன், வெள்ளம் வந்தால் ஆக்களை மேலை ஏத்தினன். இப்ப உங்களை ஏத்தின மாதிரி."

மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்தார், மறு பக்கம் துடைத்தார். மழை விட்டதும் போனார்கள். மூன்றாம் நாள் தொலைபேசியில் பொருத்தம் சரிவரவில்லை என்றார்கள். அந்தத் தாயின் கால் நனையாமல் ஏற்றிய கை, வீட்டு வேலை செய்த கை என்பதால் ஆகாமல் போய்விட்டது. இன்றைக்கும் அந்த மனிதர் ஹரோவில் கண்ணாடி துடைத்துக்கொண்டுதான் இருப்பார், துடைக்கட்டும்.

அப்பா யாரைத் திட்டினார் என்று நினைக்கிறீர்கள்? சீமெந்தையா? "ஒரு சொல்லு, ஒரு சொல்லு வாயை அடக்கத் தெரியாத மாடு" என்று சின்னம்மாவைத் திட்டினார். இலை உதிர முன் சின்னம்மா வெம்பிளிக்குப் போய்விட்டார். சான்விச் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், பிறகு ஒரு பாலர் பள்ளியில் வேலை. ஏழு வருடம் கழித்து ஒரு பஸ் டிரைவரைக் கட்டினார், நல்ல மனிதர், இப்போது இல்லை. அழுதுகொண்டு மூலையில் கிடந்தார் என்று நினைக்காதீர்கள்.

வளவில் இருந்த ஓட்டையைப் பற்றி அயலவர் கேட்டபோது அப்பா, "நான்தான் உடைச்சனான்" என்றார். வெள்ளத்தைச் சொன்னால் சின்னம்மாவைச் சொல்ல வேண்டும், சின்னம்மாவைச் சொன்னால் ஓமானைச் சொல்ல வேண்டும். அப்படித்தான் கதை தொடங்கியது. சில வருடத்தில் "நானும் பெடியனும்" ஆயிற்று. நான் மறுத்தேனா? என் பிள்ளைகளுக்கு நானே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அப்பா அலவாங்கை முழுதாகத் திருடினார், நான் பாதியைத் திருடினேன். மண்டபத்தில் எழுந்து கும்பிட்டது அந்தப் பாதிக்குத்தான்.

விருந்துக்கு அடுத்த ஞாயிறு வெம்பிளிக்குப் போனேன். சின்னம்மா தன் குசினியில், தன் கதிரையில் உட்கார்ந்து வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே தொடங்கினேன்.

"சின்னம்மா, அப்பா மைக்கிலை சொன்னதுக்கு நீங்கள் ஏன் எழும்பி ஒண்டும் கதைக்கேல்லை? நானெண்டால் மேசையைப் பிரட்டியிருப்பன்."

"நீயோ? நீ எழும்பிக் கும்பிட்டாய்" என்றார் வெண்டிக்காயைப் பார்த்தபடி.

நான் ஒரு வெண்டிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன்.

"கோவம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அலவாங்கை ஆர் தூக்கினால் எனக்கென்ன? உன்ரை கொப்பர் தூக்கினதெண்டே இருக்கட்டும், மனுசனுக்கு எண்பது வயசு." கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா உன்னிலை கோவம் இருக்கு. அந்த எசமாட்டி கூட வந்து என்னோடை நனைஞ்சவ. உன்னைக் கை நீட்டிக் கூப்பிட்டனான், நீ வரேல்லை."

இதைச் சொல்லி முடிக்கிற இன்றைக்கு ஆடி மாதம். பூங்காப் புல் திரும்பவும் கோதுமை நிறம். வியாழக்கிழமை பின்னேரம் இடியோடு பெருமழை என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு வருடத்திலேயே அதிகமாக அழைப்பு வருகிற நாள் அப்படிப்பட்ட நாள்தான். வியாழக்கிழமை உங்கள் கான் அடைத்துக்கொண்டால் வேறு யாரையாவது கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அப்பாவைக் கூப்பிடுங்கள், அலவாங்கு அவரிடம்தான் இருக்கிறது. என் போன் வேலை செய்யாது. சின்னம்மாவின் வீட்டு முன் வளவில் செருப்பில்லாமல், வாயைத் திறந்துகொண்டு நிற்பேன்.